ஆயுள் எண்ணெயாம்! யாருடைய ஆயுள்?

"சூப்பர்சார்ஜரை எல்லாம் வீட்டில் பிரிக்கக் கூடாது தம்பி, அது ரொம்பத் துல்லியமான ஐட்டம்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் பிரித்தே பார்த்ததில்லை. மீதிப் பேர் புதுசு விற்கிறவர்கள்.

பொதுவாகப் பேசினால் வழவழா ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். பி.எம்.டபிள்யூ தயாரித்த மினி கூப்பர் எஸ், 2002 முதல் 2006 வரை வந்த மாடல். கார் பைத்தியங்கள் பாஷையில் ஆர்53. 1.6 லிட்டர் என்ஜின், அதோடு ஈட்டன் கம்பெனியின் எம்45 சூப்பர்சார்ஜர். இங்கே அமெரிக்காவில் மாணவர்கள் பழசாக வாங்கக் கூடிய விலையில் கிடைக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

உள்ளே என்ன மாயம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. இது 'ரூட்ஸ்' வகை. இண்டியானாவில் இருந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கிய சங்கதி. காருக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. முறுக்கிய மூன்று இதழ் கொண்ட இரண்டு ரோட்டர்கள், பக்கத்தில் பக்கத்தில் சுற்றும். ஒன்றை ஒன்று தொடாது. தொடாமல் பார்த்துக்கொள்வது ஒரு ஜோடி கியர். ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான காற்றைத் தள்ளும். பெல்ட் மூலம் என்ஜினைப் போலச் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அந்தக் கியர்கள் முங்கிக் கிடப்பது கொஞ்சூண்டு எண்ணெயில்.

ஆர்53-ல் இன்னொரு வில்லங்கம் உண்டு. சூப்பர்சார்ஜரின் பின் முனையில் இன்னொரு கியர் செட், அதற்குத் தனி எண்ணெய் அறை. இந்தக் கியர்தான் என்ஜினின் வாட்டர் பம்பைச் சுற்றுகிறது. பின் அறை எண்ணெய் வற்றினால் கியர் தேயும். கியர் தேய்ந்து போனால் வாட்டர் பம்ப் நிற்கும். வாட்டர் பம்ப் நின்றால் என்ஜின் கொதிக்கும், அலுமினிய ஹெட் வளையும். முன் அறை, பின் அறை இரண்டு எண்ணெயையும் சேர்த்து ஊற்றினால் ஒரு டம்ளர் நிறையாது. அவ்வளவு எண்ணெய்க்காக ஒரு முழு என்ஜின் போகும்.

சரி, இந்த எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும்? மாற்றவே வேண்டாமாம்! பராமரிப்பு அட்டவணையில் இதற்கு இடமே கிடையாது. 'ஆயுள் முழுதுக்கும்' ஊற்றி மூடியாயிற்றாம். யாருடைய ஆயுள்? வண்டியின் ஆயுளா, வாரண்டியின் ஆயுளா, முதலில் வாங்கியவர் விற்றுவிட்டுப் போகும் வரையிலான ஆயுளா?

இது பொறியியல் முடிவு என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். அதே ஈட்டனின் எம்90-ஐ ஜெனரல் மோட்டார்ஸ் தன் 3800 வி6 என்ஜினில் மாட்டியது (போன்டியாக் கிராண்ட் பிரீ ஜி.டி.பி., ப்யூக் ரீகல் ஜி.எஸ்.). அந்த வண்டிகளின் கையேட்டில் 50,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் சூப்பர்சார்ஜர் எண்ணெய் அளவைப் பார் என்று எழுதியிருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே குடும்பம், அதே ரகக் கியர். ஒரு வண்டியில் மட்டும் எண்ணெய் சாகாவரம் வாங்கி வந்ததா என்ன?

அடுத்து அந்தத் 'துல்லியம்'. நம்ம ஊரில் எந்தத் தாலுகா தலைநகரத்துக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் 'டீசல் பம்ப் சர்வீஸ்' என்று ஒரு போர்டு தொங்கும். உள்ளே ஒருவர் லாரி பம்பைப் பிரித்துப் போட்டிருப்பார். அந்த பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. சூப்பர்சார்ஜர் ரோட்டரின் இடைவெளி அதைவிடப் பல மடங்கு அதிகம். அவரிடம் டெஸ்ட் பெஞ்ச் இருக்கிறது, நம்மிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய், சீல், முன் மூக்கில் இருக்கும் பேரிங், கப்ளர் இதையெல்லாம் மாற்ற டெஸ்ட் பெஞ்ச் எதற்கு?

எனக்கு ரொம்பப் பிடித்த புளுகு இது: "இதை ரீபில்ட் செய்ய முடியாது, மொத்தமாக மாற்றணும்." சரி என்று புது யூனிட் வாங்கப் போனால் பில்லில் 'கோர் டெபாசிட்' என்று ஒரு தொகை நிற்கும். பழசைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தப் பணம் வாபஸ். சரிசெய்ய முடியாத குப்பையை எதற்கய்யா காசு பிடித்து வைத்து வாங்குகிறீர்கள்? ஏனென்றால் அதைத்தான் பிரித்து, கழுவி, புது பேரிங் போட்டு, அடுத்த ஆளுக்கு விற்கப் போகிறார்கள். ஆக, ரீபில்ட் செய்ய முடியும். நீங்கள்தான் செய்யக் கூடாது.

"காயலான் கடையில் ஒன்று எடுத்து மாட்டிவிடு" என்பது இன்னொரு யோசனை. அதுவும் அதே வருஷத்து யூனிட், அதே 'ஆயுள்' எண்ணெய். உங்கள் வியாதியை விற்றுவிட்டு இன்னொருத்தன் வியாதியை வாங்குகிறீர்கள். பிரிக்காமல் மாட்டவே கூடாது.

நாங்கள் செய்தோம். ரூம்மேட்டின் மினியில் முனகல் சத்தம். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் 'முழு யூனிட்' என்று ஆயிரம் டாலருக்கு மேல் ஒரு தொகை சொன்னார்கள். எண்ணெய், சீல், சீலண்ட் எல்லாம் சேர்த்து எங்களுக்கு நூறு டாலர் தாண்டவில்லை. கஷ்டம் சூப்பர்சார்ஜரில் இல்லை, அதை வெளியே எடுப்பதில்தான். பம்பரைக் கழற்றி, ரேடியேட்டர் இருக்கும் முன் சட்டத்தை முன்னால் இழுத்து, கூலண்டை வடித்து... சனிக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று. முன் அறையிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் வடிந்தது. பின் அறையில் எண்ணெயே இல்லை, மை மாதிரி ஒரு பசை. நாற்றம்? அழுகின முட்டை தேவலை. காரேஜ் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் :-)

ஞாயிற்றுக்கிழமை செய்தது வெறும் பொறுமை வேலை. மூடியைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அங்கே கேஸ்கெட் இல்லை, சீலண்ட் மட்டும்தான். முகத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் கசியும். புல்லியை அதற்கான புல்லர் வைத்துத்தான் எடுக்க வேண்டும், சுத்தியலால் தட்டினால் பேரிங் காலி.

வீரம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரோட்டர்களை இணைக்கும் கியர்களைக் கழற்றாதீர்கள். அவை அழுத்தி இறுக்கியவை. ஒரு பல் தள்ளிப் பொருந்தினாலும் ரோட்டர் ரோட்டரோடு மோதும். ரோட்டரில் உரசல் தடம் தெரிந்தால், கையால் ஆட்டும்போது தட்டினால், அது பிரஸ்ஸும் அளவுக் கருவியும் உள்ள இடத்துக்குப் போக வேண்டிய கேஸ். எல்லை அங்கே இருக்கிறது. பயமுறுத்துகிறவர்கள் அந்த எல்லையைக் கொண்டுவந்து பானட்டுக்கு வெளியிலேயே நட்டுவிடுகிறார்கள், என் சண்டை அதோடுதான்.

பழைய ஆர்53 வாங்கப் போகிறீர்களா? விற்கிறவரிடம் என்ஜின் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்சார்ஜர் எண்ணெய், அதுவும் பின் அறை, எத்தனை மைலில் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "அது ஆயுள் எண்ணெய்" என்று பதில் வந்தால், நூறு டாலர் சாமானுக்கும் ஒரு சனி-ஞாயிறு உழைப்புக்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.