தகுதி வந்த பிறகா சுதந்திரம்?

"எங்கள் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார்?" சேலம், நாமக்கல் ஜில்லாக்களில், புத்தி வளர்ச்சி குன்றிய மக்களைப் பெற்று வளர்த்த தாய் தந்தையரின் மனத்தை இரவும் பகலும் அரிக்கும் கேள்வி இது. பிள்ளைக்கு வயது முப்பதாகியிருக்கும். பெற்றோருக்கு எழுபது நெருங்கியிருக்கும். ஏதாவதொரு விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்று உற்றார் சொல்லுகிறார்கள். இந்த விடை போதாதென்பது நமது அபிப்பிராயம்.

வேறு விடை தேடிய முயற்சியொன்று 1964-ல் பிரான்சு தேசத்தில் துரோஸ்லி என்ற கிராமத்தில் ஆரம்பமாயிற்று. தாமஸ் பிலிப் என்ற டொமினிக்கன் சபைப் பாதிரியாரின் தூண்டுதலால், அவருடைய சீடர் ஜான் வானியே, பெரிய விடுதியொன்றிலிருந்து இருவரை அழைத்து வந்து ஒரு சிறு வீட்டில் அவர்களோடு குடியிருந்தார். ஒரே அடுப்பு, ஒரே பந்தி, கூடிச் செய்யும் வேலை, இவ்வளவே ஏற்பாடு. 'லார்ஷ்' என்ற பெயரில் இன்று 30-க்கு மேற்பட்ட தேசங்களில் இவ்வித இல்லங்கள் நடக்கின்றன. சேலத்திலிருந்து அரைநாள் பிரயாணத்திலுள்ள பெங்களூரில் 1970-ல் 'ஆஷா நிகேதன்' தோன்றியது; பிறகு சென்னையிலும் ஓர் இல்லம் ஏற்பட்டது.

ஆனால் உண்மையை மறைப்பது பத்திரிகா தர்மமன்று. அந்தப் பாதிரியாரை அவருடைய திருச்சபையே 1956-ல் தண்டித்திருந்தது. அவரும் வானியேயும் ஆன்மிக வழிகாட்டுதல் என்ற திரையின் பின்னே பல பெண்களுக்கு அக்கிரமம் இழைத்தனர் என்பதை, லார்ஷ் ஸ்தாபனமே நடத்துவித்த விசாரணைகள் 2020-லும் 2023-லும் வெளிப்படுத்தின. மகான்கள் என்று பலரும் நம்பியவர்கள் வீழ்ந்தனர். இல்லங்களோ வீழவில்லை. ஆகவே நாம் ஏற்க வேண்டிய பிதுரார்ஜிதம் அம்மனிதரல்லர். அந்தச் சிறு வீடே. தனி மனிதரின் புனிதத்தை நம்பிக் கட்டிய தர்மம் ஆபத்தானது. பாத்தியதையின்மேல் கட்டியதே நிலைக்கும்.

சுயராஜ்யத்துக்கு இந்தியர் இன்னும் தகுதி பெறவில்லை, நல்ல எஜமானர் கிடைத்தால் போதும் என்று ஒரு காலத்தில் வெள்ளையர் வாதித்தனர். அந்த வாதத்தை எதிர்த்து இந்த ஜில்லாவிலிருந்து எத்தனையோ பேர் சிறை புகுந்தனர். இன்று அதே வாதத்தை நம் வீட்டுப் பிள்ளையிடம் நாமே சொல்லலாமா? எதை உண்பது, யாரோடு வாழ்வது, கூலியை எப்படிச் செலவிடுவது என்பதில் அவனுக்கும் இச்சை உண்டு. உதவி தேவைப்படுவதனால் ஒருவனுக்கு இச்சை இல்லாமற் போவதில்லை.

சட்டம் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 1999-ம் வருஷத்துத் தேசிய டிரஸ்ட் சட்டம் ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் ஒரு கமிட்டியை ஏற்படுத்தியது. 2016-ம் வருஷத்துச் சட்டம் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை 5-வது பிரிவில் கூறுகிறது. 37-வது பிரிவில் சர்க்கார் நிலத்திலும் வீட்டிலும் அங்கஹீனர் முதலியோருக்கு நூற்றுக்கு ஐந்து ஒதுக்கச் சொல்லுகிறது. ஏட்டில் இருந்தென்ன பயன்?

நாம் கோருவது இதுதான். தாலூகாதோறும் நாலைந்து பேர் வாழும் சிறு வீடுகள் வேண்டும். அவை ஊருக்கு வெளியே அல்ல, சந்தையும் பஸ் நிலையமும் உள்ள இடத்தில் அமைய வேண்டும். ராஜ்ய சர்க்கார் 2023-ல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்திய உதவித்தொகை அவர்கள் கைக்கே சேர வேண்டும். சேலத்துத் தறிக்கூடங்களிலும் நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் அவர்கள் செய்யும் வேலைக்கு, சோறு மட்டுமன்று, நியாயமான கூலியும் கிடைக்க வேண்டும். பிரான்சில் கண்ட பாடத்தை மறவாமல், வெளியார் அடிக்கடி வந்து பார்க்கவும், வாழ்பவர் அஞ்சாமல் புகார் சொல்லவும் வழி செய்ய வேண்டும்.

1925-ல் திருச்செங்கோட்டுக்கருகே ராஜாஜி ஆசிரமம் அமைத்தபோது, ஏழைக்குப் பிச்சையிடவில்லை. ராட்டினமும் கூலியும் தந்தார். அந்த வழியில் வந்த தொண்டர்கள் இக்காரியத்தைக் கையிலெடுக்க வேண்டும். தன் வீட்டுச் சாவியைத் தன் மடியிலேயே வைத்திருக்கும் நிலை இவர்களுக்கும் வரும்போதுதான், நாம் வென்ற சுயராஜ்யம் பூர்த்தியாகும்.