எல்லை தாண்டிப் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு



ஸ்ரீ சிட்டியில் கணிதம் கற்பிக்கும் ஒரு வாசகி இந்த மாதம் கடிதம் எழுதியிருந்தார். மாலத்தீவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். சம்பளம் திருப்திதான். வீட்டில் பாதிப் பேர் போ என்கிறார்கள், பாதிப் பேர் எதற்கு வீண் வேலை என்கிறார்கள். இந்த இழுபறியைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. முன்பின் தெரியாத ஊரில், நம் பேச்சே தெரியாத பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்த என்னால் முடியுமா என்பதுதான் அவருடைய கவலை. இதே கவலையோடு இன்னும் பலர் இருப்பீர்கள் என்பதால், அவருக்கு எழுத நினைத்ததை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

முடியும். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அவர் இப்போது வேலை பார்க்கும் இடம் அப்படிப்பட்டது.

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 55 கிலோமீட்டர் போனால், ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்து தடா வரும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஸ்ரீ சிட்டி. 2008-இல் தொடங்கிய இந்தத் தொழில் நகரத்தில் மெட்ரோ ரயில் பெட்டி செய்கிறார்கள், ஏ.சி. செய்கிறார்கள், சாக்லேட் செய்கிறார்கள். ஜப்பான், பிரான்ஸ், அமெரிக்கா என்று பல நாட்டு நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. 2013-இல் ஐ.ஐ.ஐ.டி. வந்தது, 2018-இல் கிரியா பல்கலைக்கழகம் வந்தது. வகுப்பில் உட்கார்ந்திருப்பது உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டுமல்ல. ஐ.ஐ.ஐ.டி.க்கு நாடு முழுவதும் நடக்கும் ஜே.இ.இ. தேர்வு எழுதி வருகிறார்கள். முதல் பெஞ்சில் குண்டூர், பக்கத்தில் பாட்னா, கடைசி பெஞ்சில் கோவை என்று இருக்கும் வகுப்பில், பாடம் புரியாத பையனுக்கு நடுவில் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிச் சமாளிக்கும் வசதி ஆசிரியருக்குக் கிடையாது. கரும்பலகையில் இன்னொரு படம் போட வேண்டும். வேறு ஓர் உதாரணம் தேட வேண்டும். பையனின் கண்ணைப் பார்த்து, புரிந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை நான்கைந்து ஆண்டு செய்த ஒருவருக்கு வெளிநாட்டு வகுப்பறையின் பாதிப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த மண்ணுக்கு எல்லை மாறுவதும் புதிதல்ல. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடையே ஊர்கள் கைமாறின. சித்தூர் மாவட்டத்துத் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. ஸ்ரீ சிட்டியை ஒட்டிய, செங்கற்பட்டு மாவட்டத்துச் சத்தியவேடு பகுதி அந்தப் பக்கம் போனது. இன்றைக்கும் சத்தியவேட்டுக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு நடக்கும்.

அந்தத் திருத்தணியில் 1888-இல் பிறந்தவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தன் சொந்த ஊர் மாநிலம் மாறியபோது அவர் இந்தியாவின் குடியரசுத் துணைத் தலைவராக இருந்தார். செப்டம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர் தினத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து முடித்துவிடுகிறோம். அவர் வெளிநாட்டுக்கு ஆசிரியர் வேலைக்குப் போனவர் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

சாதாரணக் குடும்பம். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரியில் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை என்பது போன்ற விமர்சனங்களை அவர் ஆசிரியர்களிடமிருந்து கேட்டார். அது அந்த இளைஞரைக் குடைந்தது. கோபித்துக்கொண்டு போகாமல் உட்கார்ந்து படித்தார், எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் ஒழுக்கவியலையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். 1909-இல் மாநிலக் கல்லூரியில் வேலை, 1918-இல் மைசூர். 1921-இல் அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, மைசூர் மாணவர்கள் பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை உட்காரவைத்து, குதிரைக்குப் பதிலாகத் தாங்களே ரயிலடி வரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஓர் ஆசிரியருக்கு இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

1936-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கீழைநாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் புதிதாக உருவாக்கிய ஸ்பால்டிங் பேராசிரியர் பதவிக்கு முதல் ஆளாக அவர் போனார். 1952 வரை அந்தப் பதவியில் இருந்தார். தலைப்பாகையையும் நீண்ட கோட்டையும் மாற்றிக்கொள்ளவில்லை. மாணவராகச் சென்னையில் எந்தக் கேள்வி அவரைக் குடைந்ததோ, அதற்குக் கண்ட பதிலைத்தான் அங்கே பாடமாக நடத்தினார். எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய செய்தியாகப் படுகிறது. வெளிநாட்டில் எந்த ஆசிரியருக்கு மரியாதை என்றால், ஊரில் இருக்கும்போதே ஒரு விஷயத்தை விடாமல் துருவியவருக்கு.

இன்னும் சிலர் நினைவுக்கு வருகிறார்கள். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரரான தனிநாயகம் அடிகள் 1961-இல் கோலாலம்பூர் போய், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைவரானார். அங்கே இருந்தபடியே 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அந்த ஊரில் கூட்டிக் காட்டினார். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி எண்பதுகளின் முதற்பாதியில் போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அந்த வாழ்க்கையிலிருந்து 'ஏசுவின் தோழர்கள்' நாவல் வந்தது. போன இடத்தில் பிழைப்பை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் இவையெல்லாம் நமக்குக் கிடைத்திருக்காது.

எல்லோரும் ஆக்ஸ்போர்டுக்குப் போகப் போவதில்லை. வளைகுடாவில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி, மாலத்தீவில் கடல் சூழ்ந்த ஒரு சிறு தீவு, அமெரிக்காவில் மூன்று ஆண்டு ஜே-1 விசா என்றுதான் பெரும்பாலும் அமைகிறது. அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் கிளம்புகிற அவசரத்தில் கவனிக்கத் தவறுகிற சில காரியங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கம் வெறும் வாழ்த்து மடலாகிவிடும்.

முதலில் சான்றிதழ். பட்டத்தைக் கொடுத்தது எந்த மாநிலமோ அந்த மாநில அரசின் சான்றொப்பம் வேண்டும். அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்னும் சர்வதேசச் சான்று வேண்டும். அப்போஸ்டிலை ஏற்காத நாடாக இருந்தால் அதற்குப் பதிலாக அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பமும் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு இதில்தான் சிக்கல். பி.எஸ்சி.யைச் சென்னையிலும் பி.எட்.டைத் திருப்பதியிலும் முடித்தவர் ஒரே வேலைக்காக இரண்டு மாநிலத்திலும் அலைய வேண்டியிருக்கும். முத்திரைக்கு மேல் முத்திரை விழுந்து பட்டத்தின் பின்பக்கம் நிறைந்துவிடும். வேலை உறுதியான பிறகு தொடங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்தது ஏஜென்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம், மூன்று லட்சம் கேட்டால் அந்தப் படியை மிதிக்க வேண்டாம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, முதல் வருடச் சம்பளம் முழுவதையும் வட்டிக்கே கொடுக்கும் ஆசிரியரால் வகுப்பில் நிம்மதியாக நிற்க முடியுமா? தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அங்கே போய் விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, தங்குமிடம் தனியா பகிர்ந்துகொள்வதா, வாரத்துக்கு எத்தனை பீரியட், நடுவில் திரும்பி வந்தால் அபராதம் உண்டா, டிக்கெட் யார் செலவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் சொன்ன வாக்கு அங்கே செல்லாது. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். அதன் நகலும் ஒப்பந்தத்தின் நகலும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், ஸ்ரீ சிட்டி சகோதரியே, தயங்காமல் போய் வாருங்கள். போனதும் முதல் வாரம் பாடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளைகளின் பெயர்களை அவர்கள் உச்சரிக்கிறபடியே சொல்லப் பழகுங்கள். வீட்டில் வேண்டாம் என்றவர்களிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பயம் உங்கள்மேல் உள்ள பாசம். வாரம் தவறாமல் வீடியோ காலில் முகம் காட்டினால் அந்தப் பயம் தானாகக் குறையும்.

வெளிநாட்டில் பாடம் நடத்திய, இப்போதும் நடத்திக்கொண்டிருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் மாதம் எப்படி இருந்தது, சம்பளத்தில் கையில் நின்றது எவ்வளவு, எந்த இடத்தில் ஏமாந்தீர்கள், எந்தப் பிள்ளை உங்களை அங்கே இருக்கவைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து அந்தக் கடிதங்களை வெளியிடுகிறோம். கிளம்பக் காத்திருப்பவர்களுக்கு இப்போது தேவை, போய்ப் பார்த்தவர்களின் அனுபவம்.

அன்புடன்,
ஆசிரியர்