தேரோடும் தெருவின் உயரம்

சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் எடுத்தாயிற்று. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் மறுபடி நாற்றங்கால், நடவு. இடையில் கிடைக்கும் சித்திரை, வைகாசியில்தான் டெல்டா கிராமங்களில் தேரும் சப்பரமும் கொட்டகையை விட்டு வெளியே வருகின்றன. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் வடம் பிடிக்க ஊர் திரும்புகிறார்கள்.

2022 ஏப்ரல் 27 விடிவதற்குள் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தனர். இப்படி விபத்து நேரும்போதெல்லாம் எழும் முதல் கேள்வி, அனுமதி வாங்கினார்களா என்பதுதான். வாங்கத்தான் வேண்டும். முன்தகவல் தராமல் தேர் இழுப்பதும், மின்விளக்கு அலங்காரத்தை ஆண்டுக்காண்டு உயர்த்துவதும் விழாக் குழுக்களின் தவறு. ஆனால், அனுமதிச் சீட்டு தாழ்ந்த கம்பியைத் தூக்கிவிடாது.

உயரழுத்தக் கம்பி தெருவைக் கடக்கும் இடத்தில், தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரம் வேண்டும் என்பது விதி. எந்தத் தரையிலிருந்து? கம்பம் நட்ட நாளில் இருந்த தரை இன்று இல்லை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, வாசற்படி பள்ளமாகிவிட்டது. தேரின் கலசம் கம்பியை நெருங்கிவிட்டது. பழைய மேல்தளத்தைச் சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும் என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். மழைக்குத் தண்ணீர் புகும் வீடுகளில் கேட்டால், அந்த அறிவுரையின் கதி தெரியும்.

திருவாரூர் ஆழித்தேருக்கு, திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. அது ஓடும் நாளில் மின்வாரியமே தெருவில் நிற்கிறது. சிற்றூர்ச் சப்பரத்துக்கு முன்னால் நடப்பவரோ, மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் உள்ளூர் இளைஞர்.

இது மாற வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில், தேரோடும் பாதையையும் தேரின் உயரத்தையும் ஒவ்வொரு ஊராட்சியும் தீர்மானமாகப் பதிவு செய்யட்டும். சாலை போடுபவரையும் கம்பம் நடுபவரையும் அந்த அளவு கட்டுப்படுத்த வேண்டும். பங்குனி முடிவதற்குள் மின்வாரியம் கம்பியை அளந்து, தாழ்ந்திருந்தால் தன் செலவில் உயர்த்த வேண்டும். தேர் புறப்படும்போது நிறுத்திய மின்சாரம், அது நிலைக்கு வந்த பிறகே திரும்ப வேண்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். அந்த ஊரில் மின்வாரியமும் நெடுஞ்சாலைத் துறையும் அடக்கம்.