ஒரு மணி நேரம் விளையாட வர்றீங்களா?

உங்க வீட்டுலயோ, பக்கத்து வீட்டுலயோ மூணு வயசுக்குக் கீழ ஒரு வாண்டு இருக்கா? அக்கா பொண்ணு, அண்ணன் பையன், மாடி வீட்டுக் குட்டி... யாரா இருந்தாலும் ஓகே. இந்த வார மேட்டர் அந்த வாண்டைப் பத்தித்தான். ஆனா, ஹோம்வொர்க் உங்களுக்கு!

'அப்பா இன்ஜினீயரு, புள்ளைக்கு அறிவு தானா வரும்', 'அவங்க வீட்டுல யாருமே படிக்கலை, இது மட்டும் என்ன படிச்சுடப் போகுது'னு நம்ம ஊர்ல ஈஸியா சொல்லிடுவாங்க. மூளை என்னவோ கம்பெனியிலேயே சீல் வெச்சு வர்ற அயிட்டம் மாதிரி! நிஜம் வேற பாஸ். பிறக்கும்போது குழந்தையோட மூளை, பெரியவங்க மூளையில கால்வாசி சைஸ்தான். ரெண்டு வயசுக்குள்ள முக்கால்வாசியைத் தாண்டிடுது. ஆரம்ப வருஷங்கள்ல ஒவ்வொரு நொடியும் பத்து லட்சத்துக்கும் மேல புது நரம்பு இணைப்புகள் உருவாகுதுனு சொல்றாங்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோட குழந்தை வளர்ச்சி மையத்துல. அப்பா-அம்மாகிட்ட இருந்து வர்றது பிளான் மட்டும்தான். வயரிங் வேலை பெரும்பகுதி வெளியே வந்தப்புறம்தான் நடக்குது.

சரி, அந்த வயரிங்கை எது நல்லா நடத்தும்? நல்ல சாப்பாடா? நல்ல விளையாட்டா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா ஜமைக்கா வரைக்கும் போகணும். ஆமா, உசேன் போல்ட் ஊரேதான்! அவர் பிறந்த அதே 1986-ம் வருஷம், தலைநகர் கிங்ஸ்டன்ல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சுது. நடத்தினவங்க டாக்டர் சாலி கிரந்தம் மெக்ரிகரும் அவங்க டீமும். ஏழைக் குடும்பங்கள்ல, சத்துக் குறைவால வயசுக்கேத்த உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் 9 மாசத்துல இருந்து 24 மாசம் வரைக்குமான குட்டிகள்.

அவங்களை நாலு குரூப்பாப் பிரிச்சாங்க. முதல் குரூப்புக்கு வாரா வாரம் ஒரு கிலோ பால் சத்துணவு. ரெண்டாவது குரூப்புக்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு. மூணாவதுக்கு ரெண்டும். நாலாவதுக்கு ரெண்டும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துல ராக்கெட் சயின்ஸ் எதுவும் கிடையாது. அந்தந்தப் பகுதி சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருத்தர் வீட்டுக்கு வருவார். காலி பாட்டில், அட்டைப் பெட்டி, துணித் துண்டுனு வீணாப் போற பொருட்கள்ல செஞ்ச பொம்மைகளைக் கொண்டு வருவார். குழந்தையோட எப்படிப் பேசணும், எப்படி விளையாடணும், எப்போ பாராட்டணும்னு அம்மாவுக்குச் செஞ்சு காட்டுவார். பொம்மையை அங்கேயே விட்டுட்டுப் போய், அடுத்த வாரம் வேற மாத்திக் கொடுப்பார். ரெண்டு வருஷம் இப்படியே நடந்துச்சு. அவ்வளவுதான்!

ரெண்டு வருஷ முடிவுல சாப்பாடு கொடுத்த குரூப், விளையாடின குரூப் ரெண்டுமே முன்னேறியிருந்தாங்க. ரெண்டும் கிடைச்ச குரூப் எல்லாரையும் முந்திடுச்சு. ஆனா, கிளைமாக்ஸ் பின்னாடிதான். அதே பசங்களை 22 வயசுல தேடிப் பிடிச்சாங்க. குழந்தையில கொடுத்த பால் சத்துணவோட பலன் அறிவு வளர்ச்சியில தெரியலை. விளையாட்டோட பலன் அப்படியே இருந்துச்சு! படிப்புல முன்னே நின்னாங்க. அடிதடி, மனச்சோர்வு ரெண்டும் அவங்ககிட்ட குறைவு. சம்பளம்? விளையாடாத குரூப்பைவிட 25 சதவிகிதம் அதிகம்! நோபல் பரிசு வாங்கின பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மேனும் சேர்ந்து எழுதின இந்த ரிசல்ட், 2014-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்துச்சு.

'129 பேர்தானே, சாம்பிள் சின்னது'னு லேப்ல கேட்கிற மாதிரி கேட்பீங்க. கரெக்ட்தான். அதனாலதான் வங்கதேசம், கொலம்பியா, நம்ம ஒடிசாவுல இருக்கிற கட்டாக்னு பல இடத்துல இதே முறையை மாத்தி அமைச்சுச் செஞ்சு பார்த்தாங்க. அங்கேயும் குழந்தைகளோட அறிவு வளர்ச்சி மேலேதான் போச்சு.

அதுக்காக சாப்பாடு முக்கியமில்லைனு சொல்லிடாதீங்க. இரும்புச் சத்தும் அயோடினும் குறைஞ்சா மூளைதான் முதல்ல அடி வாங்கும். தினம் சண்டையும் அடியுமா இருக்கிற வீட்டுல குழந்தை எப்பவும் பயத்துலயே இருக்கும். அந்த மன அழுத்தமும் வயரிங்கைக் கெடுக்கும். சோறு வேணும். அதோட, திருப்பிப் பேச ஒரு ஆளும் வேணும்.

ஏன் 'திருப்பிப் பேச'? குழந்தை 'ங்கா'ங்குது, நீங்களும் 'ங்கா'ங்கறீங்க. அது சிரிக்குது, நீங்களும் சிரிக்கறீங்க. ஷட்டில் ஆடற மாதிரி, அந்தப் பக்கம் இருந்து வர்றதை இந்தப் பக்கம் திருப்பி அடிக்கணும். மூளையோட இணைப்புகள் பலமாகுறதே இதுலதான். நம்ம பாட்டிங்க உள்ளங்கையில பருப்பு கடைஞ்சு, விரல் விரலா சோறு ஊட்டி, கடைசியில அக்குள் வரைக்கும் நண்டு ஊற விடுவாங்களே... எந்த யுனிவர்சிட்டியும் சொல்லித் தராம அவங்க செஞ்சது இதைத்தான்!

திருப்பி அடிக்க ஆள் இல்லைன்னா? 1970-கள்ல அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் ஒரு சோதனை செஞ்சார். கைக்குழந்தையோட கொஞ்சிக்கிட்டு இருக்கிற அம்மா, திடீர்னு ரெண்டு, மூணு நிமிஷம் முகத்துல எந்த அசைவும் இல்லாம உட்காரணும். குழந்தை முதல்ல சிரிச்சுப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். கடைசியில முகத்தைத் திருப்பிக்கும். இன்னிக்கு அந்தச் சோதனைக்கு லேப் தேவையே இல்லை. ரீல்ஸ் பார்த்துக்கிட்டு இருக்கிற உங்க முகத்தை, கீழே இருந்து ஒரு வயசுக் குழந்தை பார்க்கட்டும். அதுவும் அசையாத முகம்தானே? அழுகையை நிறுத்த அது கையிலேயே போனைக் கொடுக்கறது இன்னும் மோசம். ஒரு வயசுக் குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிடுச்சு.

நம்ம மாநிலத்துல 54 ஆயிரத்துக்கும் மேல அங்கன்வாடிகள் இருக்கு. ரெண்டு வயசு ஆன குட்டிகள் அங்கே போய் ஆடிப் பாடலாம். அதைவிடச் சின்னதுகளுக்கு சத்துமாவு பாக்கெட் கொடுப்பாங்க. ஆனா, விளையாட்டை பாக்கெட்ல போட்டுத் தர முடியாது! அதை வீட்டுல இருக்கிறவங்கதான் கொடுக்கணும். 'அது அக்காவோட வேலை'னு நழுவாதீங்க தம்பிகளா. சமையல், துணி, வேலைனு ஓடிக்கிட்டு இருக்கிற அக்காவுக்கு 24 மணி நேரம்தான். உங்களுக்குத்தான் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் சும்மா போகுது.

ஸோ, ஹோம்வொர்க் இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்து ரூம்ல வெச்சுட்டு, ஒரு மணி நேரம் தரையில உட்காருங்க. பெரிய டப்பா ஒண்ணு, சின்ன டப்பா ஒண்ணு எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடச் சொல்லுங்க. காலி பாட்டில்ல கைப்பிடி பயறு போட்டு, மூடி திறக்காத மாதிரி இறுக்கிக் குலுக்கிக் காட்டுங்க. தக்காளியைக் காட்டி 'இது சிவப்பு'னு சொல்லுங்க. அது என்ன உளறினாலும் பதில் சொல்லுங்க. மாமா, சித்தப்பா, அத்தைனு பட்டம் மட்டும் வாங்கிக்கிட்டா போதுமா? அந்தப் பட்டத்துக்குப் பிராக்டிக்கல்ஸ் இருக்கு பாஸ்!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!