கிண்டலுக்கு எந்த செக்‌ஷன்?

ஒரு பையனை நாலு பேர் சேர்ந்துகொண்டு இன்டர்நெட்டில் ஓட்டு ஓட்டென்று ஓட்டுகிறார்கள். வக்கீலிடம் போனால் முதல் கேள்வி, "பையனா, பொண்ணா?" அடுத்தது, "வயசு என்ன?" ஏனென்றால் கூட்டமாகக் கலாய்ப்பது என்று தனியாக ஒரு குற்றம் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இருக்கிற செக்‌ஷனில் எதிலாவது பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பெண் என்றால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78 இருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஓர் ஆண் விடாமல் தொடர்பு கொண்டால், நெட்டில் அவள் நடமாட்டத்தை நோட்டம் விட்டால், மூன்று வருஷம் வரை. மறுபடி மாட்டினால் ஐந்து. 18 முடியாத பிள்ளையிடம் பாலியல் சீண்டல் என்றால் 2012 போக்சோ சட்டம். அதில் ஆண், பெண் பேதமில்லை.

மிச்சம் நிற்பவன் 19 வயசுப் பையன். எத்துப்பல். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் தினம் ஒரு ஸ்டிக்கர். ஆபாசமில்லை, மிரட்டலுமில்லை. அவதூறு என்று 356-இல் வழக்குப் போடலாம்தான். ஆனால் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடாது, மாஜிஸ்திரேட்டிடம் இவனே போய் நிற்க வேண்டும். கேஸ் முடிவதற்குள் டிகிரி முடிந்து, கல்யாணமே ஆகிவிடும்.

முன்பு ஐ.டி. சட்டத்தில் 66ஏ என்று ஒன்று இருந்தது. எரிச்சலூட்டுவதற்காக மெஸேஜ் அனுப்பினாலே மூன்று வருஷம் வரை போடலாம். யாருக்கு எரிச்சல் என்பதில்தான் வில்லங்கம்! 2012-இல் பால் தாக்கரே மறைந்தபோது நடந்த பந்த் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணையும், அதற்கு 'லைக்' போட்ட தோழியையும் மகாராஷ்டிரத்தில் கைது செய்தார்கள். வழக்கில் 66ஏ-யும் இருந்தது. ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி சுப்ரீம் கோர்ட் படியேறி, 2015 மார்ச் 24-இல் அந்த செக்‌ஷனே ரத்தானது. நியாயமான தீர்ப்பு. (அப்புறமும் சில ஸ்டேஷன்களில் அதே 66ஏ-யில் கேஸ் போட்டு, 2021-இல் கோர்ட்டே அதிர்ந்துபோனது. செத்தவன் பேரில் ரேஷன் வாங்குகிற கதை!) ஆனால் காலியான இடத்தில் நம் எத்துப்பல் பையனுக்காக யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை.

அவன் செய்யக்கூடியது: கோபத்தில் எதையும் அழிக்காமல், தேதி, நம்பர் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைப்பது. 1930 பணம் பறிகொடுத்தவர்களுக்கான நம்பர். 1098 குழந்தைகளுக்கு. மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட சில புகார்களைப் பேர் சொல்லாமலே கொடுக்கலாம். இவனுக்கு அதுவும் கிடையாது. பேர், மொபைல் நம்பர் எல்லாம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.