பெருநாள் உடுப்பு போதாதா?

சென்ற வருடம் எங்களுக்கு மூத்த வகுப்பினரின் பிரியாவிடை இராப்போசனத்தில் பரிமாறும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று கணக்குப் பார்த்து வைத்தோம். ஒரு சஹனைச் சுற்றி மட்டும் ஐந்து பேர்தான் அமர்ந்திருந்தார்கள். வராத ராத்தாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை அந்த ராத்தாவை நூலகத்தில் கண்டேன். காய்ச்சலின் சாயல் எதுவும் முகத்தில் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "அந்தக் கலர்ல எனக்கிட்ட அபாயா இல்ல தங்கச்சி. உம்மாட்ட கேட்டிருந்தா எப்படியாவது எடுத்துத் தந்திருப்பா. அதனாலதான் கேக்கல்ல."

இந்த வருடம் எங்கள் முறை. ஏற்பாட்டுக் குழு கூடத் தொடங்கிவிட்டது. மண்டபம், சாப்பாடு, ஆசிரியைகளுக்கான நினைவுப் பரிசு ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசி முடித்தோம். ஆனால், "தீம் கலர்" எது என்பதில் மூன்று நாட்களாகியும் முடிவு வரவில்லை. எது நல்ல நிறம் என்று எல்லோரும் பேசுகிறோம். அப்படி ஒரு நிறம் தேவைதானா என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரே நிறம் வேண்டும் என்று சொல்பவர்களின் எண்ணம் கெட்டதல்ல. எல்லோரும் ஒன்றுபோல் இருந்தால் ஏற்றத்தாழ்வு தெரியாது, நமது வெள்ளைச் சீருடையைப் போல, என்கிறார்கள். ஆனால் சீருடை நம்மைச் சமப்படுத்துவது அது எல்லோரிடமும் இருப்பதால்தான். அரசாங்கம் அதற்கான துணியைத் தருகிறது. வருடம் முழுவதும் அதை உடுத்துகிறோம். ஓர் இரவுக்காகக் கடையில் தேடி வாங்க வேண்டிய நிறம் அப்படியானதல்ல. வாங்கக்கூடியவர், வாங்க முடியாதவர் என்று நம்மை அது முதல் நாளிலேயே இரண்டாகப் பிரித்துவிடும். வேறொன்றும் உண்டு. பல நிறங்களுக்கு நடுவில் ஒரு சாதாரணத் துணி கண்ணில் படாது. எல்லோரும் மெரூன் உடுத்தி வரும்போது, நல்ல நிடாத் துணியில் கல் வேலை செய்த மெரூனும் மலிவுத் துணியின் மெரூனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்போதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

செலவையும் சற்றுக் கணக்குப் பார்ப்போம். அறுபது அங்குல அகலத் துணியில் ஒரு சாதாரண அபாயாவுக்கு மூன்று, மூன்றரை மீற்றர் போதும். இப்போது எல்லோரும் விரும்பும் குடைபோல விரிந்த வெட்டுக்கு ஐந்து மீற்றர் வரை பிடிக்கும். அதற்குமேல் தையற்கூலி, கல் வேலை, பொருத்தமான ஷோல், சப்பாத்து, கைப்பை என்று ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். அபாயாத் துணி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அன்று ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பது வீட்டுச் செலவைப் பார்க்கும் எல்லா உம்மாமாருக்கும் தெரியும். கூலி வேலை செய்யும் வாப்பாவுக்கு இந்த ஓர் இரவின் உடுப்பு எத்தனை நாள் உழைப்பு என்பதை நாம் யோசிக்க வேண்டாமா?

"வாழ்க்கையில ஒரு தரம்தானே, புள்ளைகள் ஆசைக்கு உடுக்கட்டும்" என்று பெற்றோர் சிலர் சொல்வார்கள். என் உம்மாவும் அதையே சொன்னா. அழகாக உடுத்த ஆசைப்படுவது குற்றமென்று நானும் சொல்லவில்லை. எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலானோரிடம் அழகான உடுப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு எடுத்தது அது. கடை கடையாக ஏறி இறங்கி, நிறம் பார்த்து, அளவு கொடுத்துத் தைத்தது. ஒரு பெருநாள் காலையும் இரண்டு கலியாண வீடும் கண்டபின் அலுமாரியில் தொங்குகிறது. அது ஏன் போதாது? மனதைத் தொட்டுச் சொன்னால், ஒரே காரணம்தான்: "அத எல்லாரும் போட்டோவில கண்டுட்டாங்க."

உம்மாவின் பிரியாவிடைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் சாரிதான். முந்தானையை மொட்டாக்காகத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். உம்மா உடுத்திருந்தது மூத்தம்மாவின் மருதமுனைக் கைத்தறிச் சாரி. பக்கத்தில் நிற்பவர் தன் சாச்சியின் சாரியை உடுத்திருக்கிறார். ஒவ்வொருவரும் யாருடையதை உடுத்தார்கள் என்று உம்மா விரல் வைத்துக் காட்டிச் சிரித்தா. இரவல் வாங்கியதை அன்று யாரும் ஒளிக்கவில்லை, இன்றும் அதை ஒரு குறையாக உம்மா நினைக்கவில்லை.

சரி, இராப்போசனத்துக்குப் பொருத்தமான உடுப்பு எது? நிறத்தைவிட முக்கியமானவை சில உண்டு. சஹனில் ஆறு பேர் சேர்ந்து உண்ணும்போது மணிபோல விரிந்த கை முதலில் கறிக்குள்தான் விழும். மணிக்கட்டில் பொத்தான் போடக்கூடிய கைதான் வசதி. தரையைக் கூட்டும் நீளம் படிக்கட்டில் காலைத் தடுக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அபாயாவின் ஓரமோ ஷோலின் நுனியோ சில்லில் சிக்கினால் ஆபத்து உயிருக்கே வரலாம். மெல்லிய சிபோன் என்றால் உள்ளே தடித்த ஆடை வேண்டும். சனம் நிறைந்த மண்டபத்தில் அந்த இரண்டு அடுக்கும் வேர்த்துக் கொட்டும். குனிந்தால் நழுவாதபடி ஷோலை ஊசி குத்தி வைப்பது நல்லது. நாளை வேலைக்குப் போய், அலுவலகத்தின் இரவு விருந்துக்கு அழைக்கப்படும்போதும் இதுதான் அளவு. சுத்தமாகக் கழுவி அயன் பண்ணிய, உடலுக்கு அளவான, வேலைப்பாடு குறைந்த அபாயாவோ முழுக்கை வைத்த சாரியோ எந்தச் சபைக்கும் பொருந்தும். மணப்பெண்ணைப் போலப் போவதுதான் பொருந்தாது.

குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, தீம் கலர் வேண்டாம். ஒற்றுமைக்கு ஓர் அடையாளம் வேண்டுமென்றால், ஒரே மாதிரியான சிறிய துணிப்பூ ஒன்றைச் செய்து எல்லோரும் ஷோலில் குத்திக்கொள்வோம். அதற்கான செலவைப் பொதுப் பணத்திலிருந்து எடுப்போம். இரண்டாவது, "பெருநாளுக்கு உடுத்தது போதும், புதிதாக எடுக்க வேண்டாம்" என்று அழைப்பிதழிலேயே அச்சிடுவோம். அப்போது புதிது எடுக்காதவர் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, ஓர் அலுமாரி. பெருநாளுக்கும் புதிது எடுக்காத வீடுகள் நம் மத்தியில் உண்டு. ஓரிரு தரம் உடுத்த நல்ல அபாயாக்களை நாமும் பழைய மாணவிகளும் கழுவி, அளவு எழுதிக் கொண்டுவந்து வைப்போம். சாவி ஓர் ஆசிரியையிடம் இருக்கட்டும். யார் எடுத்தார் என்ற பட்டியல் அறிவித்தல் பலகைக்கு வரக்கூடாது. இரவல் எடுக்க வெட்கப்படுவார்கள் என்று சிலர் சொல்வது உண்மை. ஆகையால் வசதியுள்ளவர்கள் முதலில் எடுக்க வேண்டும். என்னிடம் பெருநாள் உடுப்பு இருந்தாலும், அந்த அலுமாரியில் இருந்து முதலாவதாக எடுத்து உடுப்பவள் நானாக இருப்பேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கேட்கும் பிள்ளைக்கு நீங்கள் எப்படியோ எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் வீட்டில் கேட்காத பிள்ளையும் ஒன்று இருக்கலாம். "எனக்குப் போக விருப்பமில்ல", "படிக்கணும்", "தலையிடிக்குது" என்று சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து இன்னொரு தரம் கேளுங்கள்.

அடுத்த வாரம் குழு மீண்டும் கூடுகிறது. என் கருத்தோடு உடன்படாத தோழியரும் வாருங்கள், பேசித் தீர்மானிப்போம். எந்த நிறம் என்பது எப்படி முடிந்தாலும் பரவாயில்லை. இந்த முறை எங்கள் சஹன் ஒவ்வொன்றிலும் ஆறு பேர் அமர வேண்டும்.

– உயர்தரக் கலைப்பிரிவு மாணவி