எல்லாம் செய்பவனுக்கும் ஓர் எல்லை வேண்டும்

வெள்ளி இரவுகளில் எங்கள் ஸ்ரௌவ்வில் வாலிபர்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ விளையாடுகிறோம். கதையை நடத்துவது நான். கடந்த குளிர்காலத்தில் ஒருவர் ‘மிஸ்ரிக்’ என்ற மனோசக்திப் பாத்திரத்தைக் கேட்டார். யோசிக்காமல் சம்மதித்தேன்.

மிஸ்ரிக் மனதை வாசிக்கும், காயத்தை ஆற்றும், வாள் வீசும், பூட்டிய அறைக்குள்ளும் நொடியில் போய்விடும். பூட்டுத் திறக்கும் கள்ளனாக விளையாடிய தம்பி மூன்று கிழமை பகடையைத் தொடவே இல்லை. நான்காம் கிழமை வரவில்லை. கேட்டபோது, “வந்தாலும் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லையே, அண்ணா” என்றான்.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1974இல் வெளிவந்த இந்த விளையாட்டுக்குள் 1976இலேயே மனோசக்தி வந்துவிட்டது. 1978 விதிநூலில் பகடை கைகொடுத்த மிகச் சிலருக்கே அது கிடைத்தது. 2017இல் மிஸ்ரிக்கை முழு வகுப்பாகப் பரீட்சார்த்தமாக வெளியிட்டார்கள், பின்னர் கைவிட்டார்கள். மற்ற எல்லாப் பாத்திரங்களின் வேலையையும் அது எடுத்துக்கொள்கிறது என்பதே காரணம். 2020இல் அதே சக்தியைப் பிரித்து வீரனுக்கும் கள்ளனுக்கும் சூனியக்காரனுக்கும் கொடுத்தார்கள்.

“வல்லவனை ஏன் குறைக்கவேண்டும்? மற்றவர்களை உயர்த்தலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். எல்லோரும் எல்லாம் செய்தால் ஒருவருக்கு மற்றவர் எதற்கு? என் கருத்தில், குறைக்கவேண்டியது பலத்தை அல்ல, பரப்பை. ஒன்றை நன்றாகச் செய்யட்டும். மற்றதற்கு அடுத்தவரைத் திரும்பிப் பார்க்கட்டும்.

நண்பரிடம் பேசினேன். முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் மனோசக்தி வீரனாக மாறினார். இப்போது அவருக்கு ஆரம்பத்தில் நான்கு சக்திப் பகடைகள்தான், முடிந்தால் ஓய்வெடுக்கவேண்டும். அடுத்த வெள்ளி தம்பி வந்தான். பூட்டு ஒன்று வந்தபோது எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

மேசைக்கு வெளியேயும் நாம் இப்படித்தான். கீபோர்ட், திரை, கூட்ட ஒழுங்கு எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் விட்டுவிட்டு, பிள்ளைகள் முன்வருவதில்லை என்கிறோம். அந்த ஆள் நீங்களானால், இந்த மாதம் ஒரு வேலையையாவது ஒரு தம்பியிடமோ தங்கச்சியிடமோ கொடுங்கள். பிழை விட்டாலும் திரும்ப வாங்காதீர்கள்.